மூன்று கோச்சும் ஒரு நீல உறையும்

அத்தியாயம் 14

நீல உறையைக் காணவில்லை.

செருப்பு அலமாரியைக் குடைந்தாகிவிட்டது. அரிசி டப்பாவுக்குள் முழங்கை வரை விட்டுத் துழாவியாகிவிட்டது. கிம்ச்சி ஊறுகாய்க்கென்றே இருக்கும் ஃப்ரிட்ஜையும் மிரான் விட்டுவைக்கவில்லை. போன மாதம் அவளுடைய கைபேசி அங்கேதான், முள்ளங்கி டப்பாவுக்கு அடியில் கிடைத்தது.

உறைக்குள் இருப்பது மகள் தாமியின் பள்ளிச் சேர்க்கை அறிவிப்பு. டிசம்பரில் வட்டாரத் தலைவி வீடு தேடி வந்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்த காகிதம். வருகிற திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அதோடும் பிள்ளையோடும் பள்ளிக்கூடத்தில் போய் நிற்க வேண்டும். இன்றைக்குச் சனிக்கிழமை. காகிதமும் இல்லை, பிள்ளையும் இல்லை.

பிள்ளை ஏன் இல்லை என்பது இத்தனை வாரமும் கூடவே வந்தவர்களுக்குத் தெரியும். இப்போதுதான் வந்து உட்கார்ந்தவர்களுக்கு ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். மிரான் புச்சொன் நகரத்தில், செயற்கைப் பல் செய்து கொடுக்கும் ஒரு பல் லேபில் வேலை செய்கிறாள். மெழுகில் பல் செதுக்குவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. இரண்டு வாரத்துக்கு முந்தைய புதன்கிழமை, மூன்றரை மணிக்கு மழலையர் பள்ளி வேனுக்காக வாசலில் நின்றிருக்க வேண்டியவள், ஒரு கடைவாய்ப்பல்லுக்குள் இறங்கியவள் இறங்கியபடியே உட்கார்ந்துவிட்டாள். வேனில் அன்றைக்கென்று புதிதாக வந்த உதவியாள் பிள்ளையைக் கட்டட வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டாள். ஆறு வயதுத் தாமி அம்மாவைத் தேடிக்கொண்டு தனியாக நடந்தாள். ஐம்பது நிமிடம் கழித்து, பெரிய சாலை ஓரத்தில் ஒரு பேக்கரி வாசலில், ஒரே ஒரு கையுறையோடு கிடைத்தாள்.

மறுநாள் காலையிலேயே கணவன் இன்சோக் பிள்ளையைத் தொலைதூர ஊரான ஜொன்ஜுவில் இருக்கும் தன் அம்மாவிடம் கொண்டுபோய் விட்டான். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால்கூட மிரானுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"டாக்டர் சொன்னாரே, கோச்சுன்னு. அப்படி ஒரு ஆளைத் தேடு. அடுத்த மாசம் முதல் சனிக்கிழமைக்குள்ள ஒருத்தரை முடிவு பண்ணிக் கையெழுத்துப் போட்டுடு. இல்லேன்னா தாமி ஜொன்ஜுலயே ஸ்கூல்ல சேரட்டும்" என்றான்.

அந்தச் சனிக்கிழமைதான் விடிந்திருக்கிறது.

மிரானுக்கு இருப்பது கவனக் குறைபாடு என்று டாக்டர் பெயர் வைத்து இரண்டு வருடமாகிறது. மாத்திரை உதவுகிறது, இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் மாத்திரை மூக்குக்கண்ணாடி மாதிரி. புத்தகத்தைக் கையில் எடுப்பது யார்? அதற்குத்தான் கோச், கூடவே இருந்து பழக்கிவிடும் பயிற்சியாளர். மிரானும் தேடினாள். தேடினாள் என்றால் கொஞ்சநஞ்சமாகவா? நாற்பத்தொரு பேர், ஒவ்வொருவருக்கும் இருபத்தேழு கட்டம், ஏழு வண்ணம். யார் எங்கே படித்தார், எத்தனை பெரியவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார், வராவிட்டால் என்ன செய்வார் என்று பட்டியல் போட்டே பத்து நாளைத் தொலைத்தாள். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு மூன்று பேரை வடிகட்டினாள். இன்றைக்கு மூன்று பேரிடமும் முன்னோட்டப் பேச்சு. பத்து மணி, ஒரு மணி, நாலு மணி.

அழைப்பு மணி அடித்தது. வாசலில் நாத்தனார் தொக்ஜா, இரண்டு கையிலும் டப்பாக்களோடு நின்றாள். சந்தையில் தொடுகறிக் கடை வைத்திருப்பவள். எங்கே போனாலும் அவளுக்கு முன்னால் நல்லெண்ணெய் வாசம் போகும்.

"என்ன இது, வீட்டுல திருடன் வந்துட்டுப் போனானா?"

"உறையைத் தேடறேன் அண்ணி."

"இன்னுமா? தலை கழுத்துல ஒட்டியிருக்கறதால தப்பிச்சது. இல்லேன்னா அதையும் எங்கயாவது வெச்சுட்டு வந்திருப்ப." டப்பாக்களை மேஜையில் இறக்கினாள். "தம்பி ஜொன்ஜுக்குப் பிள்ளையைப் பாக்கப் போயிருக்கான். ஆறு மணிக்கு வந்துடுவான். உன்கூடப் போய் நானும் பாத்துட்டு வரணுமாம். கிளம்பு. கோட்டு? பை? கேக்க வேண்டிய கேள்வியெல்லாம் எழுதி வெச்சியே, அந்தக் காகிதம்?"

அந்தக் காகிதம் மிரானின் கையிலேயே இருந்தது. இருவரும் அதை ஒரே நேரத்தில்தான் பார்த்தார்கள். தொக்ஜா தலையில் அடித்துக்கொண்டாள்.

*

முதல் ஆள் இயக்குநர் பான். சியோல் நகரத்தில் ஏழாவது மாடி. சுவர் முழுக்கச் சான்றிதழ், நடுவில் ஒரு மீன் தொட்டி.

"பன்னிரண்டே வாரம். ஆளே மாறிடுவாங்க" என்றார் பான். சொன்னது மிரானிடம் இல்லை, தொக்ஜாவிடம்.

மிரான் காகிதத்தைப் பார்த்துக் கேட்டாள். "இதுவரைக்கும் பெரியவங்க எத்தனை பேருக்குப் பண்ணியிருக்கீங்க?"

"நம்ம மையத்துல போன வருஷம் கணக்குல மட்டும் எத்தனை பிள்ளைங்க பரீட்சைல முதல் கிரேடு வாங்கினாங்க தெரியுமா?"

"பிள்ளைங்க இல்ல சார். பெரியவங்க. வேலைக்குப் போற அம்மாங்க."

பான் மீன் தொட்டியைப் பார்த்தார். "மூளை எல்லாருக்கும் ஒண்ணுதானேம்மா."

லிஃப்டில் இறங்கும்போது தொக்ஜா சொன்னாள். "அந்த மீனுக்கு நல்ல பயிற்சி. நாம பேசி முடிக்கற வரைக்கும் அசையல."

மிரானுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்று போயிற்று. இன்னும் இரண்டு.

*

இரண்டாவது திருமதி மா. பள்ளித் துணை முதல்வராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டின் முன்னறையில் ஒரு பெரிய மேஜை, கூர் சீவிய பென்சில்கள், ஒரு சுவர்க் கடிகாரம். வெந்நீரில் பார்லி டீ போட்டுக் கொடுத்தார். மிரானின் கண்ணைப் பார்த்துப் பேசினார்.

"காலைல ஆறு மணிக்கு நான் போன் பண்ணுவேன். எடுக்கற வரைக்கும் பண்ணுவேன். மூணு மணிக்கு மறுபடியும். வேன் முன்னாடி நின்னு போட்டோ எடுத்து எனக்கு அனுப்பணும். அனுப்பலேன்னா நானே வந்து நிப்பேன். உங்க வீட்டுலேருந்து எனக்கு ஒன்பது நிமிஷம், நடந்து பாத்துட்டேன்."

மிரானின் தோள் தானாகத் தளர்ந்தது. இரண்டு வாரமாக அவள் சரியாக மூச்சு விட்டதே இப்போதுதான். யாரோ ஒருவர் தன்னைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளப் போகிறார். ஆறு மணிக்குள் கையெழுத்துப் போட்டுவிடலாம். அடுத்த வாரமே தாமி நம் வீட்டில், தன் மஞ்சள் போர்வைக்குள் தூங்குவாள்.

"எங்க போடணும் கையெழுத்து?" என்றாள். மிச்சமிருந்த கேள்விகளைப் பார்க்கக்கூட இல்லை.

திருமதி மா ஒரு கோப்பைத் திறந்து படிவத்தை அவள் பக்கம் திருப்பினார். அதில் பாதி ஏற்கனவே நிரப்பியிருந்தது. பெயர், வயது, முகவரி. அதற்குக் கீழே, 'பாதுகாவலர்' என்ற கட்டத்தில் இன்சோக்கின் பெயர், பக்கத்தில் கையெழுத்துக்குப் பதிலாகச் சிவப்பாக அவனுடைய முத்திரை.

"தாமி அப்பா இங்க வந்தாரா?"

"செவ்வாய்க்கிழமை வந்தார். பொறுப்பான மனுஷன். வாரா வாரம் பாதுகாவலருக்கு அறிக்கை போகும். கடைசிப் பக்கத்தைப் பாருங்க, அவரே சேக்கச் சொன்னது."

கடைசிப் பக்கத்தில் ஒரு வரி. குழந்தையைத் தாயின் பொறுப்பில் விடலாமா என்பது பற்றிப் பயிற்சியாளரின் கருத்து. ஆம், இல்லை, இரண்டு சிறு கட்டங்கள்.

தொக்ஜா எட்டிப் பார்த்தாள். "முப்பத்தொன்பது வயசுக்காரிக்குப் பாதுகாவலரா? ஆஸ்பத்திரில ஆபரேஷன் பண்றப்பதான் இதெல்லாம் கேப்பாங்க."

"பெரியவங்க என்கிட்ட வர்றது இதுதான் முதல் தடவை" என்றார் திருமதி மா. ஒளிக்காமல்தான் சொன்னார். "பிள்ளைங்களுக்கு வெச்சிருந்த படிவம். தப்பா?"

மிரான் பென்சில்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "ஒருநாள் நான் மறந்துட்டேன்னு உங்ககிட்ட சொன்னா, அது அவருக்குப் போகுமா?"

"போகும்."

"அப்ப நான் சொல்ல மாட்டேன் மேடம். பொய் சொல்வேன். நல்லாவே சொல்வேன். ஸ்கூல்ல, லேப்ல, வீட்டுல, சின்ன வயசுலேருந்து அதைத்தான் பண்றேன். வேன் முன்னாடி போட்டோதானே, பத்து போட்டோ முன்கூட்டியே எடுத்து வெச்சுப்பேன். உங்களுக்குத் தெரியாது. நான் அப்படித்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கேன்."

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. படிவத்தைத் திருப்பி வைத்துவிட்டு, கும்பிடுவதுபோல் குனிந்து வணங்கி, எழுந்து வெளியே வந்துவிட்டாள்.

*

நூடுல்ஸ் கடையில் தொக்ஜா இரண்டு கிண்ணம் சொன்னாள். மிரான் கரண்டியைத் தொடவில்லை.

"தம்பி கெட்டவன் இல்ல" என்றாள் தொக்ஜா. குரலில் கொஞ்சம் சுருதி குறைந்திருந்தது.

"தெரியும் அண்ணி. அன்னிக்கு அவர் லிஃப்ட் ரிப்பேர் வேலையாப் பதினஞ்சாவது மாடில இருந்தாராம். போன் வந்ததும் படி இறங்கியே ஓடி வந்தார். ஆனா நான்..." கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். "அலாரம் அடிச்சது அண்ணி. எனக்குக் கேட்டுச்சு. நானேதான் அமுக்கினேன். பல்லுல இந்த ஒரு பள்ளத்தை மட்டும் செதுக்கி முடிச்சுட்டுப் போலாம்னு."

இதையும் அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அலாரம் அடிக்கவில்லை என்றுதான் இன்சோக்கிடம் சொல்லியிருந்தாள்.

தொக்ஜா தன் கிண்ணத்தில் இருந்த மட்டிச் சிப்பிகளைப் பொறுக்கி மிரானின் கிண்ணத்தில் போட்டாள். "சாப்பிடு. நாலு மணி ஆளு எங்க?"

*

பூட்டுச்சாவிக் கடைக்கு மேலே ஒரு சிறிய அறை. செல்வி யோம், நாற்பது வயதிருக்கும். சுவரில் சான்றிதழ் ஒன்றே ஒன்று. தொக்ஜாவைப் பார்த்து, "மன்னிக்கணும் அக்கா, நீங்க கீழ இருக்க முடியுமா?" என்றார். தொக்ஜாவுக்கு முகம் சுருங்கினாலும் இறங்கிப் போனாள்.

"நீங்களா வந்தீங்களா, அனுப்பி வெச்சாங்களா?"

"அனுப்பி வெச்சாங்க" என்றாள் மிரான். பிறகு, "ஆனா நானும்தான் வந்தேன்."

தன் கேள்விகளைக் கேட்டாள். யோம் ஒவ்வொன்றுக்கும் நேராகப் பதில் சொன்னார். ஆறு வருடமாகப் பெரியவர்களுக்கு மட்டும்தான். இங்கே பேசுவது யாருக்கும் போகாது, கணவருக்கும்தான். வராவிட்டால் திட்ட மாட்டார், ஏன் வரவில்லை என்று இருவரும் சேர்ந்து பார்ப்பார்கள். எல்லாருக்கும் இது சரிப்படும் என்று உத்தரவாதம் இல்லை.

மிரான் அந்தப் புதன்கிழமையைச் சொன்னாள். அலாரத்தை அமுக்கியதையும் சேர்த்தே சொன்னாள். யோம் முகம் சுளிக்கவில்லை.

"அலாரம் அடிச்சப்ப கைல என்ன இருந்துச்சு?"

அதுவரை எவரும் கேட்காத கேள்வி. "மெழுகுக் கத்தி. கீழ்த்தாடை இடது பக்கம், ஆறாவது பல்லு."

"எது நடந்திருந்தா கத்தியைக் கீழ வெச்சிருப்பீங்க?"

"யாராவது கூப்பிட்டிருந்தா..." இல்லை. அதற்கும் அவள் இதோ என்றுதான் சொல்லியிருப்பாள். கண்ணை மூடினாள். அந்த மேஜை, அந்தப் பல், அதன்மேல் விழும் வெளிச்சம். "விளக்கு. விளக்கு அணைஞ்சிருந்தா. இருட்டுல செதுக்க முடியாது. மேஜை விளக்குக்கு மூணு மணிக்கு அணையற மாதிரி டைமர் ப்ளக் போட்டிருந்தா நான் எழுந்திருச்சிருப்பேன்."

சொன்னவள் அவள்தான். கோச் ஒரு வார்த்தை எடுத்துக் கொடுக்கவில்லை. இவ்வளவுதானா, இந்த ஒரு ப்ளக்குக்காகவா என் பிள்ளை தெருவில் நின்றாள் என்று மிரானுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. யோம் காகிதக் கைக்குட்டைப் பெட்டியை நகர்த்திவிட்டுக் காத்திருந்தார்.

"பள்ளிக்கூடக் காகிதத்தையும் தொலைச்சுட்டேன்" என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "நீல உறை."

"கடைசியா எங்க வெச்சீங்க?"

"செருப்பு அலமாரிக்கு மேல. சாவிக் கிண்ணத்துக்குப் பக்கத்துல நிக்க வெச்சேன். நல்லா ஞாபகம் இருக்கு."

"நல்லா ஞாபகம் இருக்குன்னா, நீங்கதான் தொலைச்சீங்கன்னு எப்படிச் சொல்றீங்க?"

"எங்க வீட்டுல எதையும் தொலைக்கறது நான்தானே."

யோம் அதை எழுதிக்கொள்ளவில்லை.

"நான் உங்களோடதான் பண்ணுவேன்" என்றாள் மிரான். "இப்பவே கையெழுத்துப் போடறேன். குடுங்க."

"இன்னைக்கு வாங்க மாட்டேனே."

"என்ன?"

"முதல் நாள் யார்கிட்டயும் வாங்கறதில்ல. நமக்கு வேகத்துல முடிவெடுக்கறதுதான் பாதி வியாதி. நாளைக்கு முழுக்க யோசிங்க, திங்கட்கிழமை சாயங்காலம் போன் பண்ணிச் சொல்லுங்க."

"திங்கட்கிழமை சாயங்காலம் எல்லாம் முடிஞ்சு போயிருக்கும்! ஆறு மணிக்குள்ள கையெழுத்து இல்லேன்னா என் பொண்ணு..." மிரான் கெஞ்சினாள். வெட்கத்தை விட்டுக் கெஞ்சினாள். யோமின் கண்ணும் கலங்கியது. ஆனால் படிவத்தை எடுக்கவில்லை.

"பயத்துல போட்ட கையெழுத்தை வெச்சு நான் உங்களுக்கு ஒண்ணும் பண்ண முடியாதும்மா. அதை உங்க வீட்டுக்காரர்கிட்ட நீங்கதான் சொல்லணும்."

*

ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது இன்சோக் வந்தான். பையை வரவேற்பறையில் வைத்துவிட்டுக் கோட்டைக்கூடக் கழற்றாமல் கேட்டான். "யாரு?"

"யோம்னு ஒருத்தர்."

"கையெழுத்து?"

"திங்கட்கிழமை. அவங்க அப்படித்தான்..."

இன்சோக் சோபாவில் உட்கார்ந்தான். களைத்துப்போயிருந்தான். "திருமதி மா உன் காரியத்தை இன்னைக்கே முடிச்சிருப்பாங்க."

"உங்க முத்திரையைப் பாத்தேன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "எனக்குப் பயமா இருக்கு தாமி அம்மா. அன்னிக்குப் படி இறங்கும்போது நான் என்னென்ன நினைச்சேன்னு உனக்குத் தெரியாது. உன்னை நம்பலாம்னு யாராவது எனக்கு எழுதிக் குடுத்தா நல்லாருக்கும்னு..."

"எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றாள் மிரான். "அன்னிக்கு அலாரம் அடிச்சது. நான் அமுக்கினேன். உங்ககிட்ட பொய் சொன்னேன்."

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

தொக்ஜாவுக்கு இந்த மாதிரி மௌனமெல்லாம் ஆகாது. "அம்மா கிம்ச்சி குடுத்து விட்டாங்களாமே, நான் எடுத்து வைக்கறேன்" என்று இன்சோக்கின் பையைத் திறந்தாள். டப்பாவோடு சேர்ந்து இன்னொன்றும் கையில் வந்தது.

நீல உறை.

"இதென்னடா?" என்றாள் தொக்ஜா.

உறையிலிருந்து இரண்டு காகிதம் விழுந்தது. ஒன்று டிசம்பரில் வந்தது. மற்றது புதிய சேர்க்கை அறிவிப்பு, ஜொன்ஜு நகர முத்திரையோடு. மிரான் குனிந்து எடுத்தாள். மாணவி பெயர், தாமி. முகவரி, ஜொன்ஜு; பிள்ளையின் வீட்டு முகவரியையே அங்கே மாற்றியிருந்தான். பாதுகாவலர் என்ற கட்டத்தில் மாமியாரின் பெயர். தேதி வியாழக்கிழமை.

வியாழக்கிழமை! அவளுக்கு விதித்த கெடுவுக்கு இரண்டு நாள் முன்பே. நேற்று வெள்ளிக்கிழமை மாலை இந்த உறையைத் தேடி அவள் சோபாவை நகர்த்தினாள். கனமாக இருந்தது. மறுமுனையைப் பிடித்துத் தூக்கிக் கொடுத்தவன் இன்சோக்.

"நல்லாத் தேடுன்னு சொன்னீங்களே" என்றாள் மிரான். "அரிசிக்குள்ள கையை விட்டுத் தேடினேன். என் புத்தியை நானே செருப்பால அடிச்சுக்கிட்டுத் தேடினேன். நான் தொலைக்கவே இல்லையா?"

"சொல்லணும்னுதான் இருந்தேன். நீ தேட ஆரம்பிச்சதும்... வாய் வரல."

"டேய்!" தொக்ஜா கிம்ச்சி டப்பாவை ணங்கென்று மேஜையில் வைத்தாள். "அப்ப நாங்க ரெண்டு பேரும் காலைலேருந்து ஊரைச் சுத்தினது எதுக்குடா? வேடிக்கை காட்டவா?"

"இன்னைக்கு எல்லாம் சரியா நடந்தா மாத்திக்கலாம்னு நினைச்சேன் அக்கா. முதல்ல அங்க ஒரு இடம் இருக்கட்டும்னு..."

மிரான் புதிய காகிதத்தை முழுதாகப் படித்தாள். ஒரு வரி விடாமல் படித்தாள். ஜொன்ஜு பள்ளிக்கூடத்திலும் கூட்டம் அதே திங்கட்கிழமைதான், அதே பத்து மணிதான். கீழே சின்ன எழுத்தில், பிள்ளையைப் பெற்றோர் அல்லது பாதுகாவலர் நேரில் அழைத்து வர வேண்டும் என்று போட்டிருந்தது. பெற்றோர் என்ற வார்த்தை முதலில் இருந்தது.

"நானும் வர்றேன்" என்றாள். "நான் அவ அம்மா. அந்தக் கட்டத்துல யார் பேர் வேணும்னாலும் இருக்கட்டும். நான் அவ கையைப் பிடிச்சுக்கிட்டு உள்ள போவேன். முகவரியைத் திருப்பி மாத்தறதைப் பத்தி அங்கயே கேப்பேன்."

இன்சோக் அவளைப் பார்த்தான். அவன் கேட்டது குத்தலாக இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். "திங்கட்கிழமை காலைல பத்து மணிக்கு, ஜொன்ஜுல. உன்னால வந்துட முடியுமா?"

கல்யாணமாகிப் பத்து வருடத்தில் இந்தக் கேள்விக்கு அவள் எத்தனை தடவை பதில் சொல்லியிருப்பாள். கண்டிப்பா வந்துடுவேன். சத்தியமா வந்துடுவேன். நாக்கு நுனியில் அது தயாராக நின்றது. மிரான் அதை விழுங்கினாள்.

"தெரியாது" என்றாள். "என்னால முடியுமான்னு எனக்குத் தெரியாது. அதனால நாளைக்கே போறேன்."

அறைக்குள் போய் ஒரு பையை எடுத்து வந்தாள். பல் விளக்கும் பிரஷ், மாத்திரை, தாமியின் தொலைந்துபோன கையுறைக்குப் பதிலாக வாங்கி வைத்திருந்த புதிய ஜோடி. நீல உறையை உள்ளே வைத்தாள். மறுபடி வெளியே எடுத்தாள். தன்னையே ஒரு கணம் நம்பாமல் பார்த்துவிட்டு, அதைத் தொக்ஜாவிடம் நீட்டினாள்.

"அண்ணி, ரயில் ஏறற வரைக்கும் இதை நீங்க வெச்சுக்கோங்க. அத்தை கதவைத் திறக்கலேன்னா வாசல்லயே உக்காந்திருப்பேன். பத்து மணிக்கு நான் அங்க இருப்பேன்."

தொக்ஜா உறையை வாங்கித் தன் கோட்டுக்குள் செருகிக்கொண்டாள். பிறகு செருப்பு மாட்டப் போனவள், திரும்பித் தம்பியைப் பார்த்தாள்.

"அம்மாவுக்குப் போன் பண்ணு. இவ வர்றான்னு நீயே சொல்லு."

இன்சோக் கைபேசியை எடுத்தான். எண்ணை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டான். அந்தப் பக்கம் மணி அடிப்பது மூவருக்கும் கேட்டது. யாரோ எடுத்தார்கள். பாட்டி இல்லை.

"அப்பாவா?" என்றது தாமியின் குரல். "அப்பா, பாட்டி நாளைக்குக் காலைல என்னை எங்கயோ கூட்டிக்கிட்டுப் போறாங்களாம். பெட்டியெல்லாம் கட்டிட்டாங்க. அம்மாகிட்ட சொல்லக் கூடாதாம். எங்க போறோம்ப்பா?"

இன்சோக்கின் முகம் வெளுத்ததை மிரான் பார்த்தாள். இது அவனுக்கும் தெரியாது.